ஒச்சாண்டியும் உச்சாண்டியும்

பொட்டிப்புரம்
தாரண வருஷம் கார்த்திகை 3, சனிக்கிழமை

ஆயுசும் அறிவும் குறையாத சிரஞ்சீவி சுருளிவேலுக்கு உன் அய்யா தன் கையாலேயே எழுதிக்கொண்டது. இங்கன நானும் உன் ஆத்தாளும் இரண்டு மாடும் ஒரு கன்றும் தரையில் கால் ஊன்றி நடமாடுகிறோம். அங்கன நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் எழுத்தில் வந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

உன் காகிதம் வந்தது. நம்ம ஊர் முன்சீப் ஐயாவுக்கு வரும் என்று நீ பயந்த காகிதமும் வந்தது. அதற்குப் பதிலும் புதன்கிழமை போய்விட்டது. என்ன பதில் போனது என்று பார்க்க இப்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டுவாய், உன் புத்தி எனக்குத் தெரியாதா, கணக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் முதலில் பின்னால் போய் விடையைப் பார்க்கிற பயல்தானே நீ. ஏலே, புரட்டாதே. உன் வகுப்புப் பையன்களுக்கு நீ என்ன சட்டம் போட்டிருக்கிறாய், வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் முட்டை மார்க் என்றுதானே. அந்தச் சட்டம் எனக்கும் உண்டு. நான் வந்த வழியை வரிசையாக எழுதிவிட்டு விடைக்கு வருகிறேன். மூன்று நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன், விரல் மரத்துப்போகிறது, மண்வெட்டி பிடித்தால்கூட இப்படி வலிக்காது.

போன தடவை உன் காகிதத்தைப் பிரித்ததும் உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று படிப்பதற்கு முன்னாலேயே உதறினேன். ஏன் என்றால் என்னுடைய பழைய கடிதம் அதற்குள் இல்லை. எப்போதும் நான் எழுதினதைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் மார்க்குப் போட்டு, உன் பதிலோடு மடித்து அனுப்புவாயே. சித்திரையில் முப்பத்தேழு, ஆடியில் நாற்பத்திரண்டு, ஆவணியில் நாற்பத்தொன்று, ஒரு மார்க் குறைந்ததற்குக் காரணம் உன் பாடத்தின் பேரைப் பவுதீகம் என்று எழுதினது. இப்பவும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், ஒன்றைக் கழித்துக்கொள். பெத்த தகப்பனுக்கு மார்க்குப் போடுகிற பிள்ளை எந்தச் சீமையிலயாவது உண்டா என்று உன் ஆத்தா கேட்பாள், கேட்டுவிட்டு அந்தக் காகிதங்களை எடுத்துக் குதிருக்குள் பத்திரப்படுத்துவாள். இந்தத் தடவை சிவப்பு மையே இல்லை. ஒரே பக்கம், அதுவும் கோணல் மாணல். வாத்தியாருக்குத் திருத்தக்கூடக் கை வரவில்லை என்றால் பையன் எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

சரி, ஊர்ச் சமாசாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் ஆத்தா என்னை விடமாட்டாள். செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மழை இந்த வருஷம் பரவாயில்லை, கிணற்றில் பத்துப் படி தண்ணீருக்குள் போய்விட்டது, சோளம் கதிர் வாங்கி நிற்கிறது. கூடலூரில் உன் தங்கச்சி ராமுத்தாய்க்கு இது ஏழாம் மாசம். மாமியார் அவளைக் குமுளிப் பக்கத்துப் பலாச்சுளை தின்ன விடமாட்டேன் என்கிறாளாம், அதற்கு ஒரு அழுகை. பிறகு ஒரு கூத்து. நீ காலேஜில் என்ன சொல்லிக்கொடுக்கிறாய் என்று சங்கராபுரத்துக்காரி ஒருத்தி கேட்டிருக்கிறாள், உன் ஆத்தா பெருமையாக எம்புள்ளை பூதிகம் சொல்லித் தாரான் என்று சொல்லிவைத்தாள். மறுவாரம் அந்தப் பெண்பிள்ளை தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பூதம் ஓட்டுகிற வாத்தியாரிடமிருந்து தபாலில் ஒரு தாயத்து வரவழைத்துக் கொடுங்கள் என்கிறாள். நான் சிரித்துச் சிரித்துக் கயிற்றுக் கட்டிலிலிருந்து விழுந்தேன். உன் ஆத்தா சிரிக்கவில்லை. அவள் சிரித்து இன்றைக்குப் பத்து நாள் ஆகிறது.

இனி வழிக்கு வருகிறேன். எல்லாம் புரட்டாசியில் நீ எழுதின அந்தப் பெரிய காகிதத்தில் தொடங்கினது. லென்ஸ் என்று ஒரு கண்ணாடி, யுத்தத்தினால் சீமையிலிருந்து கப்பல் இல்லை, காலேஜில் இருப்பது நாலே நாலு, நாலு கண்ணாடியை நாற்பது பையன்கள் சூழ்ந்தால் பின்னால் நிற்கிறவனுக்கு முன்னால் நிற்கிறவன் முதுகு மட்டும்தான் பெரிசாகத் தெரியும் என்று எழுதியிருந்தாய். அதற்காகப் பியூஸ் போன பல்பாக ஊரெல்லாம் பொறுக்கி, அடிப்பித்தளையை நோண்டிவிட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றி அடைத்து, ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்தாயாம். எரிகிற பல்புக்குத்தான் எல்லோரும் காசு கொடுப்பார்கள், என் மகன் எரியாத பல்பை வைத்துச் சம்பளம் வாங்குகிறான் என்று என் கூட்டாளி அம்மாவாசியிடம் சொல்லிச் சிரித்தேன். பல்பைப் பிடித்துக்கொண்டு அவனவன் கட்டைவிரலைப் பாருங்கள் என்றாயாம். பின்வரிசையில் ஒரு பையன், ஒருத்தன் விரல் கோடு மாதிரி இன்னொருத்தனுக்கு இருக்குமா சார் என்று கேட்டிருக்கிறான். இருக்காது, இருந்தால் என் அய்யா என்றைக்கோ தப்பித்திருப்பார் என்று நீ சொன்னாயாம். அத்தோடு விட்டாயா. எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் பிறந்தாலே குற்றவாளி என்று சர்க்கார் சட்டம், வயசுக்கு வந்த ஆம்பிளைகள் எல்லாம் பத்து விரலையும் பதிந்து கொடுக்க வேண்டும், சாயங்காலம் ஆனால் ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்க வேண்டும், அடுத்த ஊருக்குக் கல்யாணத்துக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டும், ஒரு கோழிக்குஞ்சைக்கூடத் திருடாத என் தகப்பனாருக்கும் அதே சட்டம்தான் என்று சொல்லிவிட்டாய். நாற்பது பையன்களும் பல்பைக் கீழே வைக்கவில்லை, ஒருத்தனும் இருமவில்லை, மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நாலு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன் அய்யா, அன்றைக்குத்தான் நான் வாத்தியார் ஆனேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ மண்டைக்கனம் பிடித்து ஆடுவாய், அதனால் சொல்லமாட்டேன்.

அந்த நாற்பதில் ஒரு பையனுடைய தகப்பன் போலீஸில் பெரிய உத்தியோகம் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் காலேஜுக்கு எழுதிப்போட்டார், ரேகைக் கூட்டத்தில் வந்தவனையா எங்கள் பிள்ளைகளுக்கு வாத்தியாராக வைத்திருக்கிறீர்கள் என்று. வருகிற தை மாசம் கமிட்டி கூடி உன் வேலையை நிரந்தரம் ஆக்க வேண்டிய நேரத்தில் இது வந்து விழுந்தது. உன் பெரிய வாத்தியார் நல்ல மனுஷர்தான், உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் ஊருக்கு எழுதிக் கேட்கிறேன், உன் தகப்பனார் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை என்று ஒரு வரி வந்தால் போதும், பையன்களுக்கு விளங்குவதற்காகச் சொன்ன கதை என்று காகிதக் கட்டை மூடிவிடலாம் என்றாராம். இதை எழுதிவிட்டுக் கடைசியில் நீ எழுதின இரண்டு வரி எனக்கு மனப்பாடம். முன்சீப் ஐயா என்ன சொல்கிறாரோ அப்படியே செய்யுங்கள். எனக்கு இந்த வகுப்பு வேண்டும் அய்யா.

போன வாரம் வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசிலிருந்து காகிதம் வந்தது. முன்சீப் பால்பாண்டி ஐயா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கேள்வி ஒன்றே ஒன்றுதான். மேற்படி கிராமம் சுருளிவேல் என்பவருடைய தகப்பன் ஒச்சாண்டி என்ற பெயர் ரேகைப் பதிவேட்டில் உண்டா, இல்லையா. நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். முன்சீப் ஐயா பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தவர் திடீரென்று தொடையைத் தட்டினார். ஏப்பா ஒச்சாண்டி, ஒனக்குச் சாமி கண்ணைத் தொறந்துருச்சுப்பா, பதினெட்டாம் வருசத்துல பேரெழுதுன ரைட்டரு ஒனாவுக்குப் பதிலா உனாவப் போட்டுட்டாக, கேட்டு வந்திருக்கிறது ஒச்சாண்டி, இங்கன இருக்கிறது உச்சாண்டி, ஒச்சாண்டிங்கற பேரு இல்லைன்னு எழுதினா அதுல ஒரு எழுத்துக்கூடப் பொய் கெடையாது என்றார். உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, சின்ன வயசில் நீ கேட்பாய், ஸ்டேஷனில் ஏட்டு ஏன் உங்களை உச்சாண்டி என்று கூப்பிடுகிறார் என்று. நம்மளை உச்சாணிக் கொம்பில் ஏற்றிவைத்திருக்கிறார்களடா, அந்த மரியாதைதான் என்று நான் சொல்லுவேன். வெளியூர்க்கார ரைட்டருக்கு நம்ம சாமி பெயர் காதில் சரியாக விழவில்லை, அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாகச் சிரிப்புக்குத்தான் ஆன அந்தப் பிழை இப்போது உன் உத்தியோகத்தைக் காப்பாற்ற வந்து நிற்கிறது என்றால் நான் என்ன செய்வேன். எனக்கே மேல் சிலிர்த்தது.

முன்சீப் ஐயா குரலைத் தாழ்த்தி இன்னும் ஒன்று சொன்னார். நீதான் எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளாச்சே, பதில்ல நல்லா ஒச்சாண்டின்னு கையெழுத்தாப் போடு, கட்டைவெரலை மட்டும் மடியில முடிஞ்சுக்க, பேரு ஆயிரம் மாறும், வெரலு பேசிரும் என்றார். நான் சரிங்க என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். உன்னிடம் மறைக்கவில்லை, சரி என்றுதான் சொன்னேன். புதன்கிழமைக்குள் பதில் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் ஆத்தா கருத்தம்மாள் நம்ம சாமிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். அம்மாவாசியும் வந்தான். சாயங்காலம் ஆஜர் கொடுக்கப் போகிற வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஏ மாப்பிளே, நம்ம ஆளுகள்ல ஒருத்தன் வெளிய போயிருக்கான், அங்கன அவன் காலு ஊனட்டும், நீ வாயை மட்டும் மூடிக்கிட்டு இரு என்று சொல்லிக்கொண்டே வந்தான். என் வாய் மூடுகிற வாயா, அதனால் அவனுக்குப் பயம். ஸ்டேஷனில் ஏட்டு உச்சாண்டி என்று கூப்பிட்டார். இருபத்தாறு வருஷமாக வருகிற பதில் அன்றைக்கு வரவில்லை. இரண்டாந்தரம் கூப்பிட்டார். அம்மாவாசி முழங்கையால் இடித்தான். இருக்கேன் சாமி என்று சொன்னபோது, சாயங்காலம் உச்சாண்டியாகவும் பகலில் முன்சீப் முன்னால் ஒச்சாண்டியாகவும் இருக்கிற ஆள் யார் என்று எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கப் போனேன். கையெழுத்தைப் பழகிப் பார்க்கலாம் என்று மாடு ஓட்டுகிற தார்க்குச்சியை எடுத்து, மாடு இறங்குகிற சரிவில் பேரை எழுதினேன். நீ பத்தாவது படித்த வருஷம் கோடை லீவில் அங்கேதானே எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாய். ஒரு இறைப்புக்கு ஒரு எழுத்து. நான் எழுதினதை மாடு இறங்கி மிதித்து அழித்துவிடும், மறுபடி எழுத வேண்டும். அழியாத இடமாகப் பார்த்து எழுதலாமே என்று நான் கேட்டதற்கு, அழியட்டும் அய்யா, அழிஞ்சாத்தானே திரும்ப எழுதுவீக என்று சொன்னாய். எனக்கு முப்பத்தெட்டு வயசு, உனக்குப் பதினாறு. அன்றைக்கே நீ வாத்தியார்தான், காலேஜுக்காரர்களுக்கு அது தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. சரி, கதையை விட்டு எங்கேயோ போகிறேன். பேரை எழுதிக்கொண்டிருக்கும்போது, மடியில் முடிஞ்சுக்க என்று முன்சீப் ஐயா சொன்னாரே, அந்த விரலில் அப்படி என்னதான் இருக்கிறது, பார்ப்போமே என்று ஒரு ஆசை வந்தது. பல்புக்கு எங்கே போக. நீ ஒரு லீவில் எறும்புக் காலைக் காட்டுவதற்குச் செம்புக் கம்பியை வளையமாக முறுக்கி, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவைத்துக் காட்டினாயே, அந்தக் கம்பி இன்னும் கமலைக் காலில்தான் செருகியிருக்கிறது. எடுத்து, தண்ணீரில் தொட்டு, வெயிலுக்கு நேராக விரலைப் பார்த்தேன்.

தம்பி, சர்க்கார் அந்த விரலை இருபத்தாறு வருஷமாகப் பார்த்துவிட்டது. நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். உழுது போட்ட காடு மாதிரி இருந்தது. சால் சாலாக வளைந்து வளைந்து போகிறது, நடுவில் சுழி, கீழே அரிவாள் வெட்டு ஒன்று வரப்பு மாதிரி குறுக்கே கிடக்கிறது, ஓரத்தில் வடம் தேய்த்துத் தேய்த்துக் கோடே இல்லாமல் தரிசாகிவிட்டது. இதில் திருட்டு எந்தக் கோட்டில் இருக்கிறது என்று தேடினேன். சொட்டு வடிந்து வடிந்து மறுபடி தொட்டுத் தொட்டுத் தேடினேன். காணவே காணோம். மாடு சரிவில் பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாலு நாள் யோசனை அங்கிருந்து தொடங்கினது.

நான் யோசித்த வழி இதுதான், தப்பு இருந்தால் சுழித்துக் காட்டு. பதிவேட்டில் இல்லை என்று பதில் போகும். உன் பெரிய வாத்தியார் கட்டை மூடுவார். உன் வேலை நிற்கும். அதுவரை சரி. அந்தப் போலீஸ்காரர் வீட்டில் சும்மா இருப்பாரா. சாப்பிடும்போது மகனிடம் சொல்லுவார், உங்கள் வாத்தியார் அழுதுகொண்டு சொன்னது எல்லாம் கட்டுக்கதையாம்டா, ஊரிலிருந்தே எழுதிவிட்டார்கள் என்று. மறுநாள் அந்தப் பையன் வந்து மற்ற முப்பத்தொன்பது பேரிடமும் சொல்லுவான். நீ அப்புறம் அதே வகுப்பில் நின்று, தண்ணீருக்குள் போனால் வெளிச்சம் வளையும் என்று சொல்லுவாய். இதுவும் கதையோ என்று பின்வரிசைப் பையன் நினைப்பான். அவன் நினைக்காவிட்டாலும் நினைக்கிறானோ என்று நீ நினைப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா. எட்டு வயசில் எனக்குத் தெரியாமல் ஒரு கைப்பிடி நிலக்கடலை எடுத்துத் தின்றுவிட்டு, பொறுக்கமாட்டாமல் தோலைக் கொண்டுவந்து என்னிடம் காட்டின பயல் நீ. எனக்கு இந்த வகுப்பு வேண்டும் என்றுதானே எழுதினாய், உத்தியோகம் வேண்டும் என்று எழுதவில்லையே. இல்லை என்று எழுதினால் உத்தியோகம் இருக்கும், அந்த வகுப்பு இருக்காது என்று எனக்குப் பட்டது. பள்ளிக்கூடம் மிதிக்காதவன் யோசனை, நீ வேறு மாதிரி நினைக்கலாம். ஆனாலும் நீ அவர்களுக்கு நிஜத்தைச் சொன்ன அன்றைக்குத்தான் வாத்தியார் ஆனேன் என்று எழுதினாய், அந்த ஒரு நாளை என் கையாலேயே அழித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை இதை உன் ஆத்தாளிடம் சொன்னேன். கையில் இருந்த அகப்பையைப் போட்டாள். உனாவோ ஒனாவோ, எம்புள்ளை சோத்துல மண்ணு விழாத வரைக்கும் எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஒம்ம பெருமை ஒமக்குப் பெருசாப் போச்சா, அவன் ஒத்தை ஆளா அந்தக் குளிருல கெடந்து படிச்சது ஒமக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா, நாளைக்கு அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இங்கன வந்து நின்னா அந்த மூஞ்சிய நீரு பாப்பீரா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வைத்திருக்கிற நான், கீழே கிடந்த அகப்பையை எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். அன்றையிலிருந்து குழம்பில் உப்பு இல்லை. கேட்டால், இருக்கு, ரிஜிஸ்தர்ல பேரு மாறியிருக்கும், தேடிப் பாரும் என்கிறாள். என் கேலியை எனக்கே திருப்பிக் கொடுக்கிறாள், பார்த்தாயா.

இனி விடை. புதன்கிழமை காலையில் குளித்து, நீ அனுப்பின வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். முன்சீப் ஐயா பதிலைத் தயாராக எழுதி வைத்திருந்தார், ஒச்சாண்டி என்ற பெயர் பதிவேட்டில் காணப்படவில்லை என்று. கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார், பாவம். ஐயா, அதுக்குக் கீழ நானும் நாலு வரி எழுதிக்கிறேன், எழுதலாமில்ல என்றேன். என்னத்த எழுதப்போற என்று அவர் கேட்கும் முன்னாலேயே பேனாவை எடுத்துவிட்டேன். இப்படி எழுதினேன். பதிவேட்டில் உச்சாண்டி என்று இருப்பது பேர் எழுதினவர் செய்த பிழை. அந்த ஆள் நான்தான். சுருளிவேல் என் மகன். அவன் வகுப்பில் என்னைப் பற்றிச் சொன்னது அத்தனையும் நிஜம். இத்தனை வருஷத்தில் என் பேரில் ஒரு கேசும் கிடையாது. அந்தப் புள்ளியின் மேல் ஒச்சாண்டி என்று கையெழுத்துப் போட்டேன். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. மைப்பெட்டி கேட்டேன். மை காஞ்சு கெடக்கு போ என்றார் முன்சீப் ஐயா. பேனா மைப் புட்டியில் கட்டைவிரலை முக்கி, கையெழுத்துக்குப் பக்கத்திலேயே வைத்து அழுத்தினேன். ஸ்டேஷனில் ஏட்டு என் கையைப் பிடித்து உருட்டுவார், என் விரலை நானே பிடித்து வைத்தது அதுதான் முதல் தடவை.

முன்சீப் ஐயா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தார். கெடுத்திட்டியேப்பா, நல்லா வந்த புள்ளையக் கெடுத்திட்டியே என்று அப்புறம் சொன்னார். நான் கிளம்பி வாசல் வரை வந்துவிட்டேன், நில்லு என்றார். எல்லாவற்றுக்கும் அடியில் தானும் ஒரு வரி எழுதினார், மேற்கண்ட நபரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும், யோக்கியர் என்று. படித்துக் காட்டிவிட்டு, இதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லை என்றார். யோக்கியர் என்று ஒரு சர்க்கார் காகிதத்தில் என்னைப் பற்றி வந்தது இதுவரை கிடையாது. காகிதம் அன்றைக்கே தபாலில் போய்விட்டது.

உன்னிடம் கேட்காமல் செய்தேன். கேட்டு எழுதிப் பதில் வர நாள் இல்லை, அதுவும் நிஜம், கேட்டால் நீ வேண்டாம் என்று எழுதிவிடுவாயோ என்று பயந்தேன், அதுவும் நிஜம். தை மாசம் அந்தக் கமிட்டியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதே, கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் தந்திக்காரனோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நீ கோபமாக எழுது, திட்டி எழுது, எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காகிதம் தாலுகா ஆபீஸைச் சுற்றி அங்கே வந்து சேருவதற்கு முன்னால் நீயாகவே போய் உன் பெரிய வாத்தியாரிடம் சொல்லிவிடு. சொல்லிவிட்டு நேராக வகுப்புக்குப் போ. ஒரு நாள்கூட லீவு போடாதே. அவர்கள் போகச் சொல்லுகிற வரைக்கும் அது உன் வகுப்புத்தான். வெளிச்சப் பாடத்தைப் பாதியில் விட்டிருந்தால் மீதியையும் சொல்லி முடி. போகச் சொன்னால் அந்த நாற்பது பல்பையும் வைக்கோலில் சுற்றிக் கூடையில் எடுத்து வா, வழியில் ஒன்றும் உடையக்கூடாது. எந்த ஊரில் நின்றாலும் அதை வைத்து உன்னால் ஒரு வகுப்பு நடத்த முடியும், எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

உன் ஆத்தா இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கமிட்டி முடியட்டும், அப்பறம் பேசுறேன் என்று ராமுத்தாய்க்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆனால் நேற்றுக் காலையில் தண்ணீர் எடுக்க வந்தவள், நான் மாட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, அந்தக் கம்பி வளையத்தை எடுத்துத் தண்ணீரில் தொட்டு, தன் விரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காதவன் மாதிரி மாட்டைப் பின்னால் நடத்தினேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு படு, எண்ணெய் தேய்த்துக் குளி, வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டினால் மிளகுத் தண்ணீர் வைத்துக் குடி என்று அவள் சொன்னதாக எழுதுகிறேன். அவள் சொல்லவில்லை, ஆனாலும் அவள் சொன்னதுதான்.

நீ நிற்கிற இடம் உனக்கு நிலைக்கட்டும், நீ வாய் திறந்தால் கேட்கிறவன் காது திறக்கட்டும், நம்ம சாமி உன் தலைக்கு மேல் கை வைத்துக் காக்கட்டும். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பு. பிழை ஏராளமாக இருக்கும், ஒன்று விடாமல் சிவப்பு மையில் சுழித்து, எவ்வளவு குறைத்தாலும் சரி, மார்க்குப் போட்டு அனுப்பு. சுழிக்காமல் வந்தால் நீ இன்னும் பயந்துகொண்டிருக்கிறாய் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். கீழே என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது மை சிந்தினது இல்லை, உன் பல்பை வைத்துப் பார்த்துக்கொள். அதை மட்டும் திருத்தாதே.

இப்படிக்கு உன் அய்யா
ஒச்சாண்டி